லாண்ட்மாஸ்ரர் முந்திய சொகுசுக் கார்

போன கிழமை மல்லாவி ரோட்டில் எங்கள் காரை ஒரு லாண்ட்மாஸ்ரர் முந்திக்கொண்டு போனது.

வெறும் பெட்டியோடு இல்லை — பெட்டி நிறைய நெல்மூட்டை, மூட்டைக்கு மேல் இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி எங்களுக்குக் கையும் காட்டினாள். அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம் போகிற வேகம் உங்களுக்குத் தெரியும்தானே? எங்கள் கார் எந்த வேகத்தில் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்…

கார் என்றால் லேசுப்பட்ட கார் இல்லை. பழைய ஜெர்மன் கார். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து முதலாளி ஒருவருடையது. அவரிடம் என் அண்ணை வாங்கி வன்னியில் வாடகைக்கு ஓடினார். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது வவுனியாவுக்குக் கொண்டுவந்து எங்களிடம் தந்துவிட்டுக் கனடா போய்விட்டார். தோல் சீற், மரம் பதித்த டாஷ்போர்ட்… ஏறி இருந்தால் மந்திரி மாதிரி இருக்கும். ஓடத் தொடங்கினால்தான் பிரச்சினை.

என் கணவர் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த வேகம் அவருக்குப் போதுமாக இருந்தது. பென்சன் எடுத்து ஜெயபுரத்துக்கு வந்த பிறகுதான் மனுசனுக்கு வேகம் பிடித்தது. நாள் முழுக்க யூரியூப். குதிரைவலுவைக் கூட்டுவது எப்படி என்று யார் யாரோ சொல்ல, பில்ரர், பிளக், பெற்றோலுக்குள் ஊற்றுகிற மருந்து — எல்லாம் வாங்கினார். சத்தம் கூடியது. வேகம் அப்படியேதான் இருந்தது.

லாண்ட்மாஸ்ரர் முந்திய அன்று தேத்தண்ணிகூடக் குடிக்காமல் தீர்ப்புச் சொன்னார். மல்லாவி மெக்கானிக்கிடம் கடைசியாக ஒருதரம் காட்டுவது. சரிவராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற வவுனியாக்காரருக்கு விற்றுவிடுவது.

அண்ணை தந்த காரை விற்பதா? "உங்கட விருப்பம்" என்று மட்டும் சொன்னேன். மனைவி இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கல்யாணம் கட்டியவர்களுக்குத் தெரியும்.

மெக்கானிக் தவம் எஞ்சின் ஹெட்டைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். இன்னொருதரம் பார்த்தார்.

"ஐயா, இதுக்க ரெண்டு கஸ்கட் கிடக்கு. ஒண்டுக்கு மேல ஒண்டு."

ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தகடுதான் இருக்க வேண்டுமாம். இரண்டு போட்டால் அமுக்கம் குறைந்துவிடும், பெற்றோலில் இழுவை இராது. எந்த மடையன் செய்த வேலை என்று இவர் கத்தத் தொடங்கினார். மடையன் இல்லை ஐயா, மண்ணெண்ணெயில் ஓடின ஆள் செய்த வேலை என்று தவம் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வன்னிக்குப் பெற்றோல் வராத காலம். துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவது, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது… எஞ்சின் போட்டு இடிக்கும். அமுக்கத்தைக் குறைத்தால் இடி அடங்கும். இவர் அப்போது வவுனியாவில் வேலை. நான் அண்ணையோடு வன்னியில். நடுவில் பாதை பூட்டு. இவருக்கு எப்படித் தெரியும்? நான் அந்தப் புகைக்குள் பின் சீற்றில் இருந்து போனவள்.

கராஜில் நின்றபடியே அண்ணைக்கு போன் எடுத்தேன். இன்னும் கழற்றவில்லையா என்று அவருக்கு ஒரே சிரிப்பு. எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ வயித்தில பிள்ளையோட இருந்தனி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில எஞ்சின் இடிச்சு நிண்டிடக் கூடாதெண்டு போட்டனான். பிள்ளை பிறந்திட்டான் தானே… இனிக் கழட்டச் சொல்லு."

அந்தப் பிள்ளைக்கு இப்போது பொம்பிளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

சிரிக்க வெளிக்கிட்டு அழுதுவிட்டேன். கராஜ் என்றும் பார்க்கவில்லை. இவர் 'மடையன்' என்ற சொல்லை மெதுவாகத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒரு தகடு கழன்றது. திரும்பி வரும்போது கார் இழுத்த இழுவையில் என் முதுகு சீற்றோடு ஒட்டியது. ஜெயபுரம் வரும்வரை இவருடைய பல் தெரிந்தபடியே இருந்தது. மறுநாள் வவுனியாக்காரர் வந்து, ஓடிப் பார்த்துவிட்டு, பேசிய விலைக்கு மேலேயே தர நின்றார். நான் வாய் திறக்க முன்னமே இவர் சொல்லிவிட்டார்.

"குறை நினையாதேங்கோ. இது என்ர மச்சான்ர கார். விக்கேலாது."

அதற்குப் பிறகு எனக்கு ஒரே யோசனை. ஏதோ ஒரு காலத்துக்கென்று போட்டதை எல்லாம் நாங்கள் கழற்றிவிட்டோமா? தேய்ந்த சவர்க்காரத் துண்டைப் புதுக் கட்டியோடு இன்னும் ஒட்டுகிறேன். அடையாள அட்டையும் காணி உறுதியும் அன்று ஓடுவதற்குக் கட்டிய பைக்குள்ளேயே கதவடியில் தொங்குகின்றன. கட்டிலுக்குக் கீழே மூன்று போத்தல் மண்ணெண்ணெய் — வீட்டில் இருப்பதோ காஸ் அடுப்பு!

துணிந்து இரண்டு போத்தலை அயல் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது இருக்கட்டும்… யார் கண்டது?