நேற்றுச் செத்த மாமியார்

பேருந்து நிறைய ஆட்கள் ஆசையாகக் காத்திருந்த ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டு, பாராட்டுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்த முட்டாள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களே கண்டுபிடித்தால் மானம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அந்த நாளை நினைத்தால் கண்முன் வருவது பேருந்து அல்ல, ஒரு ரிமோட். எண்ணெய்க் கை படாமலிருக்கப் பிளாஸ்டிக் பை சுற்றி, இரண்டு ரப்பர் வளையம் மாட்டிய ரிமோட். அது எங்கள் லைன் லீடர் அக்காவின் கையில்தான் இருக்கும்.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோரில் இருந்தேன். எங்களுக்கு எப்போதும் மதிய ஷிப்டுதான், மூன்று மணியிலிருந்து பதினொன்று வரை. ஊரெல்லாம் பார்க்கும் தமிழ் நாடகம் இரவு ஒன்பதுக்கு வரும். அந்நேரம் நாங்கள் மெஷினோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்போம். மறுநாள் மாலை ஆறு மணிக்கு அதையே திரும்பப் போடுவார்கள். எங்கள் சாப்பாட்டு நேரமும் ஆறு மணிதான். கேண்டீன் டிவிக்குக் கீழே முப்பது பேர் தட்டோடு உட்காருவோம். கோயில் திருவிழா, பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் மறுநாள் பிறர் சொல்லிக் கேட்டே பழகிய கூட்டம் அது. உலகம் எங்களுக்காகத் திரும்பி வந்து நின்ற ஒரே இடம் அந்த அரை மணி நேரம்தான். அதனால் அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஆறு மணிக்கு முன்னால் யாரும் நாடகக் கதையைப் பேசக்கூடாது.

கால் சுளுக்கி ஒரு வாரம் விடுப்பில் இருந்தேன். சுளுக்கியது எப்படி என்று கேட்காதீர்கள். நின்றுகொண்டிருந்த மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். அந்த வாரம் இரவு ஒன்பது மணிக்கே நாடகம் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. வேலைக்குத் திரும்பிய அன்று, மதியம் கம்பெனிப் பேருந்தில் ஏறிய கையோடு, "அந்த மருமக சாகல, நர்ஸ் வேஷத்துல வந்தாளே, அதான் அவ" என்றேன். அக்கா திரும்பி, "கால்ல வந்த சுளுக்கு வாயில வந்திருக்கக் கூடாதா?" என்றார். இரண்டு வாரம் கேண்டீனில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பிறகு புதிய மேலாளர் வந்தார். டிவி பார்த்துவிட்டு ஆட்கள் தாமதமாக லைனுக்குப் போகிறார்கள் என்று சொல்லி ரிமோட்டை வாங்கித் தன் மேசைக்குள் பூட்டினார். உண்மையில் கடைசி விளம்பரம் வந்ததுமே அக்கா எழுந்துவிடுவார்; அவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். இதைச் சொல்லத்தான் அக்கா அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், கதவுக்கு வெளியே வரைக்கும். மேலாளர் மலாயில், "உலாங்கான்தானே, நேற்றுப் போட்டதுதானே" என்றார். மறு ஒளிபரப்புக்கு மலாயில் உலாங்கான் என்று பெயர். அக்காவும் மலாயிலேயே பதில் சொன்னார்: "உங்களுக்கு அது உலாங்கான். எங்களுக்கு இன்னைக்குத்தான் வருது."

மேலாளர் அசையவில்லை. அன்று ஆறு மணிக்கு அக்கா தன் நாற்காலியை அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். முப்பது நாற்காலிகளும் திரும்பின. கறுப்புத் திரையைப் பார்த்தபடி எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நாளையிலேர்ந்து நீ வந்து நில்லு."

அப்படித்தான் நான் டிவி ஆனேன். என் மனைவி இரவில் நாடகம் பார்த்துவிட்டுக் காலையில் தோசை சுடும்போது கதை சொல்வாள். அதை நான் ஆறு மணிக்கு டிவிக்கு அடியில் நின்று நடித்துக் காட்டுவேன். மாமியாருக்குத் துண்டு முந்தானை, டாக்டருக்குக் கரண்டி. எட்டாம் நாள் இரவு மனைவி நாடகத்தின் பாதியிலேயே தூங்கிப்போனாள். மறுநாள் கைவசம் கதை இல்லை. வேறு வழி தெரியாமல் மாமியாரை மாடிப்படியில் உருட்டிக் கொன்றேன். இரண்டு பேர் அழுதார்கள். சிரித்தவர்கள்தான் அதிகம்.

இதில் ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. நாடகத்துக்கு முடிகிற நேரம் உண்டு, எனக்குக் கிடையாது. "அப்புறம்?" என்று ஒருவர் கேட்டால் நான் இன்னொரு சாவைச் சேர்ப்பேன். அக்காவும் அந்த நாட்களில் எழுந்திருக்க ஒரு அவசரமும் காட்டவில்லை. லைன் உண்மையாகவே தாமதமாகத் தொடங்கியது. பத்தாம் நாள் மேலாளர் கேண்டீனுக்கு வந்து, ஐந்து நிமிடம் என் நடிப்பைப் பார்த்தார். பிறகு ரிமோட்டை அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். என் கலைக்கு இதுவரை கிடைத்த ஒரே பரிசு அது. அக்கா டிவியைப் போட்டதும் மாமியார் பட்டுச்சேலையில் மாடிப்படி இறங்கி வந்தார். முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. "நேத்து செத்தவ எப்படிடா நடந்து வர்றா?" என்றார் அக்கா.

மறு ஒளிபரப்பு என்றால் ஆறிப்போன சோறு என்று நினைப்பவர்கள், இரவு ஒன்பது மணிக்குச் சோபாவில் சாயக் கொடுத்து வைத்தவர்கள். இன்றும் பழைய நாடகம் பார்க்கிறேன் என்று என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நானே என்னைக் கேலி செய்துகொள்வதால் அவர்களுக்கு அதிகம் மிச்சம் இருக்காது. ஆனால் சேனலை மட்டும் மாற்ற மாட்டேன்.

போன மாதம் மாசாயில் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வேலையை விட்டுப் பல வருடமாகிறது. இப்போது எந்த ஷிப்டும் கிடையாது, எந்த நேரமும் அவருடையதுதான். ஆனாலும் சரியாக ஆறு மணிக்கு, பிளாஸ்டிக் பை சுற்றிய ரிமோட்டால் டிவியைப் போட்டார். அதே நாடகம் எத்தனையாவது தடவையாகவோ ஓடியது. நான் பழைய பழக்கத்தில் எழுந்து டிவி முன்னால் போய் நின்று, "அக்கா, இது எதுக்கு, நானே நடிச்சுக் காட்டவா?" என்று துண்டை முந்தானையாகப் போட்டேன்.

"தள்ளுடா, மறைக்குது."