ஊசிக்குப் பத்தியம்

என் வீட்டுக்காரர் சூசைமுத்து திண்டிவனத்தில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். கென்யாவிலிருக்கும் மகளைப் பார்க்கப் போகுமுன், மஞ்சள் காமாலை வராமலிருக்க ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டுக்கொண்டார். காமாலை வந்தவர்கள்தான் பத்தியம் இருப்பார்கள். இந்த மனுஷன் ஊசிக்கே இருந்தார். உப்பில்லாத மோர்ச்சோறுதான் சாப்பாடு, எண்ணெய்ப் பண்டத்தை நாக்கில் வைக்கமாட்டார். பஜ்ஜி மாவைக்கூட ருசி பார்க்காமல், குத்துமதிப்பாய் உப்புப் போட்டுக் கரைத்தார். நான் சொன்னால் கேட்கிற ஆளா? ஊசி போட்ட நர்சம்மாவையே கடைக்கு இழுத்து வந்தேன்.

"பத்தியமா? எல்லாம் சாப்பிடுங்க!" என்று நர்சம்மா சிரித்துவிட்டார்.

அடுத்த நொடியே சுடச்சுட ஒரு வாழைக்காய் பஜ்ஜியை ஆசையாய்க் கடித்த என் வீட்டுக்காரருக்கு முகம் கோணிப் போனது.

"அடியே ரோஸ்லின், இவ்ளோ உப்பையா இத்தினி நாளா ஜனங்க துன்னுக்கினு இருந்தாங்க?"