ஆடு சிலிர்க்காத கரை

“மனுசன முழுங்குற தண்ணிய, நீ படிச்சிட்டு வந்து மாத்திடுவியாலா?”

மாமா இதைக் கேட்டபோது ஆட்டுத்தோலை உரித்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் மக்கள் நடக்க, படகு ஓட்ட இடம் அமைக்கிற படிப்புக்குப் போகிறேன் என்று அப்போதுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒளித்து வைத்ததில்லை. “மாத்துவேன்” என்றேன். அவர் பாராங் கத்தியை மரக்கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய்ப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், ரப்பர் பால்மரங்களுக்குப் பின்னால் ஓர் ஈயக்குட்டை உண்டு. ஈயம் தோண்டியவர்கள் அப்படியே விட்டுப்போன பள்ளம். கரையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் காலுக்குக் கீழே தரை இருக்காது. அதன் கரையில்தான் முனியாண்டி கோயில். பூசைக்கு ஆடு வெட்டுவது மாமா. ஒரு பூசை நாளில், வெட்டிய கத்தியைக் கழுவ இறங்கிய அவருடைய ஒரே மகன் மேலே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கை யார் மீதும் விழும் கையாகிவிட்டது. அத்தையை அடித்தார். தடுக்கப் போன என் அம்மாவுக்கு முன்பல் போனது. அவரை நல்லவர் என்று சொல்ல இதை எழுதவில்லை.

நான் படித்து முடிப்பதற்குள் தோட்டம் வீடமைப்புப் பகுதியானது. குட்டையை நீர் விளையாட்டுப் பூங்காவாக்கும் வேலை, ஈப்போவில் நான் சேர்ந்திருந்த நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனத்தின் டைரக்டரிடம் அதை நானே கேட்டு வாங்கினேன். கரைகளைச் சரிவாக வெட்டி, நீருக்குள் முழங்கால் ஆழத்தில் சுற்றிலும் அகலமான ஒரு திண்டு ஓடும்படி வரைந்தேன். தவறி விழும் பிள்ளை அதில் எழுந்து நின்றுகொள்ளலாம். திண்டில் நாணல் வளரும். அது கரைமண்ணைப் பிடித்துக்கொள்ளும், வீடுகளிலிருந்து வரும் மழைநீரை வடிகட்டும். ஆழம் அதற்கு அப்பால்தான். மாமாவிடம் இதைச் சொன்னேன். முதல் படகு இறங்கும் நாளில் ஆடு வெட்ட ஒப்புக்கொண்டார். மகன் போன பிறகு அவர் அந்தக் கரைக்கு வர ஒப்பியது அதுவே முதல் முறை.

கரைவேலை நடந்து முடிந்த வாரங்களில் நான் பினாங்கில் வேறொரு வேலையில் இருந்தேன். பூசையன்று காலையில் நேராகக் கோயிலுக்குத்தான் வந்தேன். நீர் செம்மண் கலங்கி அடி தெரியாமல் கிடந்தது. ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி சம்மதம் என்பது வழக்கம். சிலிர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆடு அசையவில்லை. பத்திரிகைக்காரர்கள் வெயிலில் நெளிந்தார்கள். டைரக்டர் சிரித்தபடி வந்து, ஐஸ் பெட்டியிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஆட்டின் முதுகில் கொட்டினார். அது உதறியது.

“சாமி ஒத்துக்கிச்சுலா. வெட்டுங்கண்ணே.”

“அது குளுருக்கு ஒதறுது.”

மாமா ஆட்டின் கயிற்றை அறுத்து விட்டார். பிறகு வரிசையாக வைத்திருந்த கயாக் படகுகளை வெட்டத் தொடங்கினார். மஞ்சளும் சிவப்புமாகத் துண்டுகள் பறந்தன. தடுக்க வந்த காவலாளியின் முன்கை கிழிந்து மணலில் ரத்தம் கொட்டியது. கூட்டம் ஓடியது. நான் ஓடவில்லை. மாமா என் பின்கழுத்தைப் பிடித்து விளிம்புக்கு இழுத்துப் போனார்.

“சாமியையே ஏமாத்துறானுங்க. நீ வரஞ்ச திண்டு இங்கதான இருக்கு? எறங்கிக் காட்டு.”

அவர் தள்ளவில்லை. என் கோடுகளை நான் நம்பினேன், நானே இறங்கினேன். காலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கான்கிரீட் சுவரில் நெற்றி மோதிக்கொண்டே கீழே போனேன். வாயெல்லாம் சேற்றுத் தண்ணீர். முடியைப் பிடித்து மேலே தூக்கிய கை மாமாவுடையது. கரையில் போட்டதும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

இருமி முடித்ததும் டைரக்டரைப் பார்த்துத் திண்டு எங்கே என்று கேட்டேன்.

“கடைங்களுக்கு எடம் பத்தலம்மா. சுவர நேரா எறக்கிட்டோம். வேலி போடப்போறோம்லா.”

மாமாவின் பாராங் பிடி டைரக்டரின் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. போலீஸ் வரும்வரை மாமா கோயில் படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவர் தாப்பா சிறையில் இருக்கிறார். நீதிமன்றத்தில் அவர் காவலாளிக்குச் செய்ததையும் சொன்னேன், என்னை அறைந்ததையும் சொன்னேன். என் திண்டை டைரக்டர் எடுத்துவிட்டதையும் சொன்னேன். அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்த நிறுவனத்தை விட்டு விலகி, நான் வரைந்தது, அவர்கள் மாற்றியது என்று இரண்டு வரைபடங்களையும் மாநகர் மன்றத்தில் காட்டினேன். பூங்காவை மூடினார்கள், கரையைத் திரும்ப அமைக்கும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். சுவரை இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. நேற்று, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மாமாவின் மகன் மூழ்கிய இடத்தில் நானே இறங்கித் வரப்போகும் திண்டின் வெளி விளிம்பைக் குறிக்கும் முதல் முளையை அடித்துவிட்டு வந்தேன்.