முன் சீட்டின் நான்கு போல்ட்டுகள்

மண்ணெண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்த நெடி, கல்யாணப் பலகார வாசனையையும் மீறி, அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் நின்றது. அது எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது வீடு. அப்பா வாடகைக்கு ஓட்டிய பழைய கறுப்புக் கார், துறைமுகத்தில் சரக்கு மூட்டைகள் சரிந்து அவருடைய வலது காலை நசுக்கிய நாளிலிருந்து, உப்புக்காற்றைக் குடித்தபடி முற்றத்திலேயே கிடந்தது. கால் பிழைத்தது, முட்டிதான் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை.

ஸ்டெல்லா அக்காவின் கல்யாணம் மாப்பிள்ளை ஊரான தருவைகுளத்துக் கோயிலில் என்று முடிவானபோது, அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். விறைத்த காலோடு எந்தக் காரிலும் அவரால் உட்கார முடியாது. மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கூட்டிப்போகலாமே என்று அம்மா சொன்னதற்கு, "என்னைய என்ன கருவாட்டு மூட்டைன்னு நெனச்சியளா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டால், அப்பா பின்னால் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். அப்பாவின் கூட்டாளி தொம்மை மாமா வந்து என்ஜினை எப்படியோ ஓடவைத்துவிட்டார். ஆனால் சீட்டைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளும் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஸ்பேனர் போட்டதில் தலைகள் மழுங்கியதுதான் மிச்சம். "தொளை போட்டுத்தாம்ளா எடுக்கணும்" என்று, கையால் சுற்றும் 'டிரில்' ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

கல்யாணப் பெண் காருக்குள் மண்டியிட்டாள். நான் சொட்டுச்சொட்டாக எண்ணெய் விட, அவள் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்திச் சுற்றினாள். சூடான இரும்புத் துருவல் சுருள்சுருளாக உதிர்ந்தது. "ஏளா, மோதிரம் போடுத கையா இது?" என்று அம்மா வாசலில் நின்று புலம்பினாள். மூன்று போல்ட்டுகளின் தலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவந்தன. நான்காவதில் டிரில் சறுக்கி அக்காவின் உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"நீங்க வரலைன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்ப்பா" என்றாள், வீட்டுக்குள் கேட்கும்படி.

பிறகு அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார். தாங்கப்போன அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு, விறைத்த கால் முற்றத்தில் நீட்டிக்கிடக்க, காரின் தரையில் ஒருக்களித்துப் படுத்தார்.

"இங்கன கொண்டா அத."

வெகுநேரம் சுற்றினார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கடைசியில் போல்ட்டின் தலை 'டக்'கென்று தெறித்தபோது, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். படுத்தபடியே அம்மாவைப் பார்த்து, "ஏளா, வெளுத்த வேட்டி இருக்கா?" என்று கேட்டார்.

தருவைகுளத்தில், கம்பை ஊன்றிக்கொண்டு தானே காரைவிட்டு இறங்கினார். கையில் கட்டோடிருந்த அக்காவைப் பீடம்வரை அவரே அழைத்துப்போனார்.

இன்று அந்தத் தெருவில் எங்கள் வீடு இல்லை. அந்த இடத்தில் லாரிகளை நிறுத்துகிறார்கள். காரை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அப்பாவும் போய்விட்டார். போன மாதம் அக்காவின் பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கதையை ஆரம்பித்தேன். அக்கா பாதியிலேயே மறித்தாள்.

"நான் எங்க எடுத்தேன்? நாலையும் எங்கப்பால்லா எடுத்தாவ" என்றாள்.

அவள் சொன்னபடியே, நாலையும் அப்பா எடுத்ததாகவே கதையைத் தொடர்ந்தேன்.