ஆறு மாதமும் ஒரே ரத்த அழுத்தம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதிலாக ஒரே ஒரு தாள் வந்தது. என் அக்காவின் கணவருடைய ரத்த அழுத்தம் மாதத்துக்கு ஒரு வரியாக ஆறு வரியில் அதில் அச்சாகியிருந்தது. முதல் மாதம் நூற்று முப்பது, எண்பது. அடுத்த மாதமும் நூற்று முப்பது, எண்பது. கடைசி வரி வரை அதே எண்தான். கடைசி வரியில் இருந்த தேதியை நான் இரண்டு முறை படித்தேன். அன்றைக்கு அத்தான் நாகர்கோவிலில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பக்கவாதம் வந்து அது மூன்றாம் நாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. அரசாங்கத்தின் பதிவில் மட்டும் அவர் அன்று கீரிப்பாறைக்கு மேலே தன் வீட்டில் இருந்தார், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தது, மாத்திரையும் வாங்கிக்கொண்டார்.

அத்தானும் அக்காவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். விடியும் முன்பே மரத்துக்குப் போய்விடுவார்கள். வெட்டி முடித்து, சிரட்டையில் வடிந்த பாலைச் சேகரித்து, அளக்கும் கொட்டகையில் ஊற்றிவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ஒன்பது மணிவாக்கில், சிரட்டையை வாளியில் கவிழ்க்கும்போது அத்தானின் கையிலிருந்து அது நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. தோட்டத்து ஜீப்பில்தான் கீழே கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அக்காவிடம் கேட்டார்: “இவருக்குக் கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க?”

“மாசாமாசம் வீட்டுக்கே மாத்திர கொண்டு தருவாவ சாரே.”

“மாத்திரை சரி. அளந்தது எப்போ?”

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். அளந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னாள். மாத்திரை மட்டும் அதே வீரியத்தில், அதே எண்ணிக்கையில் வந்துகொண்டிருந்தது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல திட்டம்தான். ஊருக்கு ஒரு பெண்ணைத் தன்னார்வலராக வைத்து, அவள் கையில் ஒரு அளக்கும் கருவியும் கைப்பேசியில் ஒரு செயலியும் கொடுத்திருக்கிறார்கள். அளந்து எண்ணைப் பதிய வேண்டும். எண் ஏறினால் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் கண்ணில் படும், மருந்தைக் கூட்டுவார். அத்தான் விஷயத்தில் இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் மனுப் போட்டேன். அத்தானால் கையெழுத்துப் போட முடியாததால், இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்து அனுப்பினோம்.

பதில் வந்த அன்றே புகாரும் எழுதினேன். இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் செய்தி திருத்தியவன் நான். ஆறு வரியில் ஒரே எண் வந்தால் அதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைத்தேன். போலிப் பதிவு செய்த தன்னார்வலர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தட்டச்சு செய்து, தாளின் நகலை இணைத்து வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினேன். மற்றத் தரப்பைக் கேட்டாயா என்று எத்தனையோ நிருபர்களின் செய்தியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மலையேறிப் போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தே நாளில் பதில் வந்தது. அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரே எடுக்க ஆளில்லை என்று தோட்டத்துக்காரர்கள் எழுதிய மனுவுக்கு ஒரு வருடமாகியும் ஒப்புகைகூட வரவில்லை. கடைசிப் படியில் நிற்கிற ஒரு பெண்மேல் கொடுத்த புகாருக்கு மட்டும் பத்து நாளில் விசாரணைத் தேதி. மறுநாள் அக்கா போனில் கூப்பிட்டாள்.

“ஏலே மக்கா, நீ என்னத்த எழுதி வச்ச? அவ இங்க வந்து நிண்ணு அழுதுட்டுக் கெடக்கா. அவளுக்க வேலைய எடுக்கப் போறாவளாம்.”

“பொய்க் கணக்கு எழுதியிருக்கா அக்கா.”

“நீ கேட்டியா அவகிட்ட?”

விசாரணைக்கு முந்தின நாள் கீரிப்பாறை பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பெண்ணைப் பால் அளக்கும் கொட்டகையில் பார்க்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“பேப்பர்காரரு வந்தாச்சு. எட்டி, சேலைய நேர உடுத்துங்கோ, போட்டோ எடுப்பாரு.”

“எடுக்கட்டும். எனக்க பிரஷரும் நூத்தி முப்பதுதான்னு அடியில போடச் சொல்லு.”

தன்னார்வலப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவளும் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருவரின் மனைவிதான். அழுது முடித்துவிட்டிருந்தாள். பையிலிருந்து கருவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். கையில் சுற்றும் துணிப்பட்டை கருத்து, மடங்கி, ஒரு கட்டியாக இறுகிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன், வரவில்லை. ரப்பர் பால் காய்ந்து பட்டையோடு பட்டையாக ஒட்டிப் பிடித்திருந்தது. காற்றுக் குழாயும் உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

“காலைல பத்து மணிக்கு வீட்டுக்குப் போயி அளக்கணும்னு சொல்லுதாவ அண்ணே. பத்து மணிக்கு எந்த வீட்டுல ஆளு கெடக்கு? பூட்டுதான் தொங்கும். பூட்டுக்கா பிரஷர் பாக்கது? அதனாலதான் இங்க கொண்டுவந்தேன். பால் ஊத்த எல்லாரும் வருவாவல்லா.”

ரப்பர் தோட்டத்தில் அதைவிட நல்ல யோசனை யாருக்கும் தோன்றியிருக்காது. முழங்கைக்கு மேல் வரை பால் அப்பிய கைகளில் நாள்தோறும் சுற்றினால் பட்டை என்னவாகும் என்பது மட்டும் அவளுக்கும் தோன்றவில்லை.

“கை கழுவிட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன். கழுவினாலும் மடிப்புல இருக்கும். ரெண்டு மாசம் தாங்கிச்சு. பெறவு ஒட்டிப் பிடிச்சிற்று.”

வட்டார அலுவலகத்துக்கு அதைக் கொண்டுபோயிருக்கிறாள். வீட்டில் வைத்து அளக்கக் கொடுத்த கருவியைக் கொட்டகைக்கு ஏன் கொண்டுபோனாய், விளக்கம் எழுதிக் கொடு என்றார்களாம். எழுதிக் கொடுத்தாள். புதுப் பட்டை கேட்டு அதன்பின் மூன்று கடிதம் கொடுத்தாள். மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். அலுவலக முத்திரையும் வந்து சேர்ந்த தேதியும் மூன்றிலும் தெளிவாகத் தெரிந்தன.

“அளக்கலன்னு பதிய வழி இல்லியா?” என்றேன்.

“எண்ணு போடாம போன்ல அடுத்த ஆளுக்குப் போவாது. வீடு பூட்டியிருக்குன்னு போடலாம். நாலு வீட்டுக்கு மேல அப்பிடிப் போட்டா மீட்டிங்ல எழுப்பி நிறுத்துவாவ. அதான் பழைய எண்ணையே போட்டேன்.”

“அத்தான் ஆஸ்பத்திரியில கெடந்த அன்னைக்கு?”

அவள் கொட்டகைத் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “மேல சிக்னல் இல்ல. கீழ பஸ் ஸ்டாப்புல போயி எல்லாத்தையும் ஒண்ணாத் தட்டுவேன். பேரு வந்துது, கை அப்பிடியே தட்டிற்று. தட்டின பெறவுதான் பாத்தேன்.”

அவள் செய்தது தவறுதான். அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் வாளியோடு நின்ற அக்காவும் விடவில்லை.

“எட்டி, மெஷின் வரும் வரும்னு சொன்னியே தவிர, வராது, நீங்க கொண்டு காட்டுங்கோன்னு ஒரு வார்த்த சொன்னியா? ஒரு நாள் வெட்டுக் கூலி போனாலும் நான் கொண்டு போயிருப்பேனே.”

“வரும்னுதான் அக்கா நானும் நெனச்சேன்.”

விசாரணை மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தடுப்பூசி போடும் அறையில் நடந்தது. வட்டார அலுவலகத்திலிருந்து வந்தவர் மரியாதையாகப் பேசுகிற மனிதர். அக்காவை உட்காரச் சொன்னார், மின்விசிறியைப் போட்டார். அக்காவின் வாக்குமூலம் முன்பே தட்டச்சாகி மேசையில் இருந்தது. நான் வாங்கிப் படித்தேன். தன்னார்வலரின் அலட்சியத்தால் தன் கணவருக்குப் பாதிப்பு ஏற்பட்டது என்றும், அலுவலகத்தின் பேரில் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்றும் அக்கா சொன்னதாக அதில் இருந்தது. அக்கா அதுவரை அந்த அறையில் வாயே திறக்கவில்லை.

“ஒரு ஃபார்மாலிட்டிதான்மா. நீங்க கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணை எடுத்துட்டு வேற ஆள் போட்டுருவோம்.”

“வேற ஆளு வந்தா அவளுக்கு மெஷின் உண்டுமா?” என்றாள் அக்கா.

“அது ஸ்டோர் விஷயம்மா. நம்ம கையில இல்ல.”

“அப்பம் வரக்கூடியவளும் இதே எண்ணத்தானே தட்டுவா?”

அவர் என்னைப் பார்த்தார். மூன்று கடிதங்களின் நகலையும் மேசையில் வைத்தேன். முத்திரையைப் பார்த்ததும் தன் அலுவலகத்துடையது என்று தெரிந்துகொண்டார். இது இந்த விசாரணை வரம்புக்குள் வராது சார் என்றார். யார் மேசையில் இருந்தது என்று கேட்டேன். பார்க்க வேண்டும் என்றார். ஆறு மாதம் ஒரே எண் பதிவாகி வந்ததை மேலே யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். மேலே எத்தனை வீடு பதிவாச்சு என்ற சதவீதம் மட்டும்தான் சார் பார்ப்பார்கள் என்றார். அதை அவர் ஒளிக்கவில்லை. அது ஒரு குற்றம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இருபத்தாறு வருடத்தில் மேசைக்கு வந்த எத்தனையோ விசாரணைச் செய்திகள் எனக்கு நினைவு வந்தன. ‘ஊழியர் பணிநீக்கம்’ என்று ஒரு பத்தித் தலைப்புக் கொடுத்து, அதோடு விஷயம் முடிந்தது என்று பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். பத்து மணிக்கு ஆளில்லாத வீட்டுக்குப் போகச் சொன்னது யார், அளக்கவில்லை என்ற உண்மையைச் சொல்ல வழியில்லாமல் அந்தச் செயலியைச் செய்தது யார், முத்திரை குத்திய கடிதத்தின்மேல் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தது யார் என்று ஒரு செய்தியிலும் கேட்டதில்லை. அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அன்று விசாரணைக்கு அழைப்பு போகவில்லை.

அக்கா தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

“நான் போடல்ல சாரே.”

“நீங்க கையெழுத்துப் போடாம ஃபைலை முடிக்க முடியாதும்மா. ஃபைல் முடியாம அந்தப் பொண்ணு மேல நடவடிக்கையும் எடுக்க முடியாது.”

“முடியாண்டாம். கெடக்கட்டும்.”

வெளியே வந்ததும் நான் புதுப் புகார் ஒன்று எழுதினேன். இந்த முறை அந்த மூன்று கேள்விகளும், மூன்று கடிதங்களும் மட்டும். அதற்கு இன்னும் ஒப்புகை வரவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கருவி வாங்கித் தன்னார்வலப் பெண்ணிடம் கொடுத்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

“எனக்கு வாங்கித் தா. அவளுக்க கையில குடுக்காத. குடுத்தா ஆபீஸ்ல மெஷின் குடுத்தாச்சுன்னு எழுதிருவாவ.”

இப்போது அது அக்கா வீட்டில் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் சோப்புப் போட்டுக் கை தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். தன்னார்வலப் பெண்தான் அளக்கிறாள். எண் ஏறியவர்களைக் கையோடு டாக்டரிடம் அனுப்புகிறாள். செயலியில் மட்டும் அரசுக் கருவி வரும்வரை எல்லா வீட்டுக்கும் வீடு பூட்டியிருக்கு என்றே பதிகிறாள். மீட்டிங்கில் எழுப்பி நிறுத்துகிறார்கள். “நிண்ணு பழகிற்று அண்ணே” என்றாள்.

அந்த அதிகாரி வாரம் ஒரு முறை அக்காவைப் போனில் கூப்பிடுகிறார். போன வாரம் அவர் கூப்பிட்டபோது நான் அங்கே இருந்தேன். அக்கா அத்தானின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். அவர் நெடுநேரம் பேசினார். மேலே கேட்கிறார்கள், ஒரு கையெழுத்துதானே என்பது எனக்கும் கேட்டது.

“அவ எழுதின மூணு கடுதாசிக்கும் பதிலு எழுதிக் கொண்டு வாங்க சாரே. அதுக்க அடியில நான் ஒப்பு போடுதேன்.”

போனை வைத்தாள். அத்தான் கோணிய வாயால் பைய, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: “என்ன சொல்லுதான்?”

“அடுத்த வாரமும் போன்ல விளிப்பானாம்” என்றாள் அக்கா, அடுத்த விரலைப் பிடித்து நீவிக்கொண்டே.