சென்னைப் புள்ளி

எங்கள் முதலாளி அழகையாவுக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். இங்கே தீவில், பத்துபஸ்தி என்ற இடத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். அதன் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான், அதற்குச் சம்பளம் கிடையாது.

சைட்டை யார் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. அதில் சென்னையில் எப்போதும் ஒரு பெரிய புள்ளி. “மெயின்லேண்டே நம்மளத்தான் பாக்குது” என்று கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். நம் தீவு இன்டர்நெட் கடலுக்கடியில் கேபிள் வழியாகச் சென்னை போய்த்தான் வெளியே போகிறது, இங்கிருந்து பார்த்தாலும் சென்னை என்றுதான் காட்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். கேட்டால்தானே!

அப்புறம் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனி சைட்டுக்கு வரும் ஆளைக் கேட்டுத்தான் அவர் போனில் குக்கீ என்கிற அடையாளக் குறிப்பைப் போடணும், அவரை எண்ணணும். ‘சம்மதம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பட்டன் வைத்தேன். ‘வேண்டாம்’ என்பவர் கணக்கில் வரமாட்டார். மறுநாளே புள்ளி காணாமல் போனது.

“அரே, என்னம்மா புஷ்பா, கடையையே பந்த் பண்ணிட்டியா? அந்த வேண்டாத பட்டனைத் தூக்கு!”

“தூக்கினா அதுக்குப் பேரு சம்மதமாண்ணே? சட்டம் ஒத்துக்காது.”

“அப்ப நீ கெளம்பு. சென்னையில ஒரு பையனப் பேசி வச்சிருக்கேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தச் சம்பளத்தில்தான் என் வீடு ஓடுகிறது. அவரோ, “நீயே பாரு” என்று தன் போனில் சைட்டைத் திறந்தார். கேள்வி வந்ததும் பழகிய விரல் ‘வேண்டாம்’ மேல் விழுந்தது.

“என்னண்ணே அமுக்குனீங்க?”

“எந்த சைட்டுலயும் எப்பவும் இதான். நான் எதப் பாக்குறேன்னு எவனுக்கோ எதுக்குத் தெரியணும்?”

“தினமும் பாப்பீங்களா?”

“டீ குடிக்கிறப்ப, ஜெட்டியில நிக்கிறப்ப... நம்ம சைட்டுதான?”

தலையில் அடித்துக்கொண்டேன். “மறுபடி தொறந்து, இந்த ஒரு தடவ சம்மதம்னு அமுக்குங்க.”

அமுக்கினார். சென்னையில் புள்ளி முளைத்தது.

“பாத்தியா! மெட்ராஸ் பார்ட்டி வந்துருச்சு!”

“அண்ணே, அது நீங்க.”

புள்ளியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“அப்ப... முன்னாடி வந்த கூட்டம்?”

“அதுவும் முக்கால்வாசி நீங்கதான்.”

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

“அந்தச் சென்னைப் பையன் எப்பண்ணே வர்றாரு?”

திரும்பாமலே சொன்னார்: “அவனுக்கும் வேண்டாம்னு அமுக்கிட்டேன். போயி வேலையப் பாரு.”