நாய் குரைத்த வரி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு போட்டோக் கொப்பிக் கடை இருக்கிறது. போன கிழமை அடையாள அட்டையைப் பிரதியெடுக்கப் போனேன். மெஷினிலிருந்து சுடச்சுட வந்த தாளை வாங்கியதும் என்னை அறியாமலே மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார். என்ன செய்வது, ஆசிரியத் தொழில் எனக்குத் தந்த கெட்ட பழக்கங்களில் இதுவும் ஒன்று.

நான் கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் தவணைச் சோதனைத் தாள்கள் ரோனியோ மெஷினில்தான் அச்சாகும். கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தாள் ஒவ்வொன்றாக விழும். மண்ணெண்ணெய் போல ஒரு வாசம். பிள்ளைகள் கேள்வியை வாசிக்க முன்னரே தாளை மணந்து பார்ப்பார்கள். “மணந்தது காணும், எழுதுங்கோ” என்று அதட்டுவேன். பிறகு மேசைக்குத் திரும்பி நானும் ஒருதரம் மணந்து பார்ப்பேன்.

அந்த வாசத்தோடு சேர்ந்து வருகிறவள் நாலாம் வகுப்பு ஜெனிற்றா. என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. கதையில் நேரடியாகச் சொல்லாத எதையாவது ஊகித்துச் சொன்னால், அதற்கு ஆதாரமான வரியில் விரலை வைக்கவேண்டும். “அவன் நல்ல பிள்ளை, டீச்சர்” என்று யாராவது சொன்னால் “வரி எங்க?” என்று கேட்பேன். வரி காட்டாதவர்களை இலேசில் விடமாட்டேன். பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவளுக்கு இருக்கும் மிதப்பு எனக்கும் கொஞ்சம் இருந்தது.

அந்தத் தவணைத் தாளில் ஒரு சின்னக் கதை. அப்பா வாசலில் வந்து நிற்கிறார். நாய் குரைக்கிறது. உள்ளே வந்தவர், தண்ணீர்க் கோப்பை எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்கிறார். பிள்ளைகள் அம்மாவின் பின்னால் ஒளிகிறார்கள். ஏன் ஒளிந்தார்கள், கதையிலிருந்து சான்று தருக என்பது கேள்வி. கீழே புள்ளிக்கோடு போட்டு இரண்டு வரி இடம். திருத்துவதற்கென்று எங்களுக்குத் தந்த விடைப்பத்திரத்தில் ‘அப்பாவின் கண்டிப்புக்குப் பயந்து’ என்று இருந்தது. ஜெனிற்றாவோ, அப்பா கனகாலம் வீட்டில் இல்லை, பிள்ளைகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். நான் விடைப்பத்திரத்தைப் பார்த்தபடியே சிவப்புப் பேனாவால் பிழை போட்டேன். அவள் எழுதிய சான்றை வாசிக்கவேயில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அந்த ஒரு புள்ளி குறைந்ததில் அவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான விசேட வகுப்பு இல்லாமல் போகவிருந்தது. அந்த வகுப்புக்குத் தெரிவாகாத பிள்ளைகளைப் பிறகு யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

தாளைக் கொடுத்த அன்றே மேசையடிக்கு வந்து கதையில் விரலை வைத்தாள்.

“டீச்சர், வரி இருக்கு. வீட்டு ஆளப் பாத்து நாய் குலைக்குமா? சொந்த வீட்டுல ஆராவது கோப்பை எங்க எண்டு கேப்பாங்களா?”

மூன்று தரம் வாசித்தேன். பிறகு பிழையை வெட்டி, புள்ளியைப் போட்டு, பக்கத்தில் கையொப்பம் வைத்தேன்.

மறுநாள் பகுதித் தலைவி கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுசி அல்ல. ஆனால் அந்த விடைப்பத்திரம் அவர் கையால் எழுதியது.

“அவட அப்பா கப்பல்ல வேலை. பிள்ளை தன்ட வீட்டுக் கதைய எழுதியிருக்கு. இதுக்கு மார்க்ஸ் குடுக்கலாமா?”

“யோசனை வீட்டால வந்திருக்கலாம், மிஸ். வரி கதையில இருக்கு. பயந்தது எண்டுறதுக்குத்தான் வரியக் காணேல்ல.”

“அப்பா எண்டா பிள்ளைகளுக்குப் பயம்தானே. எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும் எண்டுறது சான்று இல்ல, மிஸ். அதத்தான் நான் வகுப்பில படிப்பிக்கிறன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “உங்கள நிரந்தரமாக்குறதுக்கு ரிப்போர்ட் எழுதுறது நான். தெரியும்தானே?”

“ஓம் மிஸ், தெரியும். மார்க்ஸ மாத்தமாட்டன்.”

வீரமாகச் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். ஆனாலும் சொன்னேன். என் கையொப்பத்துக்கு மேல் கை வைக்க அவருக்கும் மனம் வரவில்லைபோலும், புள்ளி நின்றது. ஜெனிற்றா விசேட வகுப்புக்குப் போனாள். என் நிரந்தர நியமனம் ஒரு வருடம் பிந்தியது. அறிக்கையில் ‘பிடிவாதக்காரி’ என்று எழுதியிருந்தாராம். அதற்கு மட்டும் அவரிடம் போதிய சான்று இருந்தது. இன்றைக்கு அதே தாளை நீட்டினாலும் அதே புள்ளியைத்தான் போடுவேன்.

நான் இப்போது காணும் டியூசன் தாள்களில் அந்த மாதிரிக் கேள்வி இல்லை. கதை இருக்கிறது, கீழே நான்கு விடை இருக்கிறது, சரியானதற்குக் கீழே கோடு கீறினால் முடிந்தது. சான்று எழுத விட்டிருந்த அந்த இரண்டு வரி இடம் போய்விட்டது. திருத்துவது சுகம் என்கிறார்கள். சுகம்தான். ஜெனிற்றாவின் விடை அந்த நான்கில் இருந்திருக்காது. பிழை விட்டது நான்தான் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.